பாராட்டி அனுப்பிவைக்கும் சொல்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவிகளின் கட்டுரைகளில் 'எலக்வென்ட்' என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். பெண் கவிஞர் ஒருவரைப் பற்றியோ நாவலின் நாயகியைப் பற்றியோ எழுதிக்கொண்டே வந்து, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாத இடத்தில் இந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'அவருடைய எலக்வென்ட் குரல்', 'எலக்வென்ட்டான எதிர்ப்பு'. கருத்தரங்குகளிலும் இதே கதைதான். ஒரு பெண் அரைமணி நேரம் கணக்குச் சொல்லி, சட்டப்பிரிவு சொல்லி, நான்கு கோரிக்கைகளை முன்வைத்துவிட்டு இறங்குவார். அடுத்து மைக்கைப் பிடிப்பவர், 'எவ்வளவு எலக்வென்ட்டாகப் பேசினார்!' என்று மனமாரப் பாராட்டுவார். நான்கு கோரிக்கைகளும் மைக்குக்குக் கீழேயே கிடக்கும்.

மனத்தில் இருப்பதைத் தெளிவாகவும் சரளமாகவும், கேட்பவர் நெஞ்சில் தைக்கும்படியும் சொல்லும் திறனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இது. நல்ல சொல்தான். ஆனால் யாரும் தன்னைத்தானே எலக்வென்ட் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசியவருக்குக் கேட்டவர் போடும் மதிப்பெண் இது. மதிப்பெண் போடுகிறவர் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. பெண்களின் பேச்சைப் பற்றி இந்தச் சொல் வரும் இடங்களில் இந்த வசதி எப்படியெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்பதையே இங்கே பார்க்கப்போகிறேன்.

முதலில் இதன் உடன்பிறப்புகளைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'லொக்வி' என்றால் பேசுதல். அதற்கு முன்னால் 'வெளியே' என்று பொருள்தரும் ஓரெழுத்தைச் சேர்த்தால் உள்ளிருப்பதை வெளியே எடுத்துப் பேசுதல் என்றாகும். பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அதே வேரில் 'லொக்வேஷஸ்' என்ற சொல்லும் உண்டு. ஓயாமல் பேசுகிற, தொணதொணக்கிற என்று பொருள். 'எலக்யூஷன்' உண்டு, உச்சரிப்பையும் குரலையும் பழக்கும் கலை. நம் பள்ளிகளில் எலக்யூஷன் போட்டி என்று நடக்கிறதே, அதுதான். யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தால் பரிசு. இன்னொரு உடன்பிறப்பு 'வென்ட்ரிலக்விஸ்ட்'. நேர்ப்பொருள் வயிற்றிலிருந்து பேசுபவர். மடியில் பொம்மையை உட்காரவைத்துத் தன் உதடு அசையாமல் அதைப் பேசவைப்பவர். தொணதொணப்பு, ஒப்பித்தல், பொம்மைக்குக் குரல் கொடுத்தல், சொல்வன்மை என நான்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எது யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும்.

ஷேக்ஸ்பியரின் 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ' பல கல்லூரிகளில் பாடமாக இருந்திருக்கிறது. அடங்காப்பிடாரி என்று பெயரெடுத்த காத்தரினாவை மணந்து அடக்க வருகிறான் பெட்ரூக்கியோ. இரண்டாம் அங்கத்தில், அவள் மேடைக்கு வருவதற்கு முன்பு, தனியாக நின்று தன் திட்டத்தைச் சொல்கிறான். அவள் வசைபாடினால் நைட்டிங்கேல் பாடுவதுபோல இனிமையாக இருக்கிறது என்பானாம். முகத்தைச் சுளித்தால் பனியில் நனைந்த ரோஜா என்பானாம். வாயே திறக்காமல் நின்றால், துளைக்கும் சொல்வன்மை என்று புகழ்வானாம். அந்த இடத்தில் அவன் பயன்படுத்தும் சொல் எலக்வென்ஸ். அரங்கில் சிரிப்பு எழும் இடம் இது. எனக்கு இது நாடகத்திலேயே மிகவும் கவனமாக எழுதப்பட்ட இடமாகப் படுகிறது. திட்டினாலும் பாட்டு, மௌனமும் பேச்சு என்றால், அவள் என்ன செய்தாலும் அவனுக்கு ஒன்றுதான். பின்னால் அவளைப் பட்டினி போடுகிறான், தூங்கவிடாமல் செய்கிறான். அதைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடக்குமுறையின் முதல் கருவி பட்டினி அல்ல, பாராட்டு. அவள் பேச்சுக்கு அவள் தரும் பொருளைப் பிடுங்கிவிட்டு அவன் தரும் பொருளை அங்கே வைப்பது.

இதே ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்' இன்னும் கொடியது. லவீனியாவை இரண்டு ஆண்கள் பாலியல் வன்கொடுமை செய்து, அவள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நாக்கையும், எழுதிவிடக் கூடாது என்பதற்காகக் கைகளையும் வெட்டிவிடுகிறார்கள். அவளை முதலில் பார்ப்பவர் சிற்றப்பா மார்க்கஸ். ரத்தம் வழிய அவள் நின்றுகொண்டிருக்க, நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் அவர் உவமைகளோடு பேசுகிறார். நீரூற்று என்கிறார், வெட்டப்பட்ட கிளை என்கிறார். அடுத்த காட்சியில் அவளுடைய நாக்கைப் பற்றிப் பேசும்போது எலக்வென்ஸ் என்ற அதே சொல் வருகிறது. அழகிய கூண்டில் இருந்து பாடிய பறவை என்ற உவமையும் கூடவே வருகிறது. நாக்கு இருந்தபோது அவளுக்கு நாடகத்தில் அதிகம் பேசக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பாராட்டு வந்து சேர்ந்தபோது நாக்கு இல்லை. அப்போதும் பறவைதான். காத்தரினாவுக்கு நைட்டிங்கேல் என்றால் இவளுக்குக் கூண்டுப் பறவை. கிரேக்கக் கதையின் பிலோமெலாவையும் இப்படித்தான் வன்கொடுமை செய்து நாக்கை அறுத்தார்கள். ஐரோப்பியக் கவிதை மரபில் அவள் நைட்டிங்கேலாகவே பாடிக்கொண்டிருக்கிறாள். பறவையின் பாட்டு யாருக்கும் இனிக்கும், யாரையும் குற்றம் சாட்டாது.

ஆனால் லவீனியா பறவையாகவில்லை. ஆவிட் எழுதிய நூலில் பிலோமெலாவின் கதை வரும் பக்கத்தைக் கை இல்லாமலே புரட்டிக் காட்டுகிறாள். பிறகு ஒரு கோலை வாயில் கவ்வி, வெட்டுண்ட கைகளால் தாங்கி, மணலில் எழுதுகிறாள். மூன்றே சொற்கள். குற்றத்தின் பெயர் ஒன்று, செய்தவர்களின் பெயர்கள் இரண்டு. அதில் உவமை இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. மார்க்கஸின் நாற்பது வரிகள் செய்யாத வேலையை அந்த மூன்று சொற்கள் செய்துவிடுகின்றன.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். சொல் பிறந்த ரோமாபுரியிலேயே தொடங்கலாம். அங்கே சொல்வன்மை என்பது ஆணாக இருப்பதன் அடையாளமாகவே இருந்தது. பேச்சாளர் என்பவர் பேசத் தெரிந்த நல்ல மனிதர் என்று ஓர் இலக்கணம் அங்கே உண்டு. அதில் 'மனிதர்' என்று நாம் பெயர்க்கும் லத்தீன் சொல் ஆணை மட்டுமே குறிக்கும். மேரி பியர்ட் 'விமன் அண்ட் பவர்' என்ற சிறு நூலில் இந்த மரபை ஹோமரிலிருந்து இன்றுவரை கோத்துக் காட்டியிருக்கிறார். நான் எடுத்துக்கொள்வது அவரும் தொட்டுச்செல்லும் ஓர் ஏட்டுப் பக்கம். வலேரியஸ் மாக்ஸிமஸ் என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் தொகுத்த நூலில், நீதிமன்றத்திலும் பொதுவெளியிலும் வாய்திறந்த பெண்கள் என்று மூவரைக் குறிப்பிடுகிறார். மேசியா, ஆஃப்ரானியா, ஹோர்ட்டென்சியா. மேசியாவைக் கடைசியில் பார்ப்போம்.

ஆஃப்ரானியா தன் வழக்குகளில் தானே வாதாடியவர். வழக்கறிஞர் கிடைக்காமல் அல்ல, வெட்கம் கெட்டுப்போனதால் என்று நூலாசிரியர் காரணமும் சொல்லிவிடுகிறார். அவர் குரலை நாயின் குரைப்பு என்கிறார். அவருடைய பெயரே வெட்கங்கெட்ட பெண்களைத் திட்டும் சொல்லாகிவிட்டதாம். என்ன வழக்கு, என்ன வாதம், வென்றாரா என்று ஒரு வரிகூட இல்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னால் உல்பியன் என்ற சட்ட அறிஞர், பெண்கள் பிறருக்காக வாதாடக் கூடாது என்ற தடைக்குக் காரணமே கார்ஃபானியா என்ற ஒருத்திதான் என்று எழுதினார். பெயர் சற்றுத் திரிந்திருந்தாலும் ஆள் இவர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒரு பெண்ணின் 'குரைப்பு' எல்லாப் பெண்களுக்குமான சட்டமாயிற்று.

ஹோர்ட்டென்சியாவுக்குக் கிடைத்தது பாராட்டு. கி.மு. 42. ஜூலியஸ் சீசர் கொலையுண்டபின் ரோம் ஆண்டனி, ஆக்டேவியன், லெபிடஸ் என்ற மூவர் கையில் இருந்தது. எதிரிகளின் பட்டியலை எழுதித் தொங்கவிட்டுக் கொன்று, சொத்தைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் போதாமல் உள்நாட்டுப் போருக்காக மிகப் பணக்காரப் பெண்கள் 1,400 பேர் மீது வரி விதித்தார்கள். பெண்கள் முதலில் மூவரின் வீட்டுப் பெண்களிடம் போனார்கள். ஆக்டேவியனின் சகோதரியும் ஆண்டனியின் தாயும் காது கொடுத்தார்கள். ஆண்டனியின் மனைவி ஃபுல்வியா வாசலிலேயே விரட்டினார். பிறகுதான் அவர்கள் கூட்டமாக மன்றத்துக்குள் நுழைந்து, ஹோர்ட்டென்சியாவைப் பேசவிட்டார்கள்.

அவர் பேசியதை அப்பியன் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதிவைத்திருக்கிறார். சொற்கள் அப்பியனுடையவை, வாதத்தின் எலும்புக்கூடு நமக்குக் கிடைக்கிறது. எங்கள் தந்தையரையும் கணவரையும் மக்களையும் உங்கள் எதிரிகள் என்று எடுத்துக்கொண்டீர்கள். நாங்களும் எதிரிகள் என்றால் எங்கள் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள். நாங்கள் உங்களை எதிர்த்து வாக்களித்ததுண்டா, படை திரட்டியதுண்டா? குற்றத்தில் பங்கில்லாதபோது தண்டனையில் மட்டும் ஏன் பங்கு? பதவியில், படைத்தலைமையில், ஆட்சியில் எங்களுக்கு இடமில்லாதபோது வரி மட்டும் ஏன்? கார்த்தேஜோடு போர் நடந்தபோது எங்கள் தாய்மார் கொடுத்தார்கள்; தாமாக, நகையிலிருந்து கொடுத்தார்கள். அந்நியர் படையெடுத்து வந்தால் நாங்களும் கொடுப்போம். நீங்கள் உங்களுக்குள் அடித்துக்கொள்ளக் காசு தரமாட்டோம்.

மூவருக்கும் கடுங்கோபம். ஆண்கள் வாய்மூடி இருக்கப் பெண்கள் கேள்வி கேட்பதா என்று காவலர்களை விட்டு விரட்டச் சொன்னார்கள். வெளியே நின்ற கூட்டம் கூச்சல் போட்டதால் நிறுத்தினார்கள். மறுநாள் 1,400 பேர் என்பது 400 ஆயிற்று. பாக்கிச் சுமை ஒரு லட்சம் டிராக்மாவுக்கு மேல் சொத்துள்ள ஆண்கள் தலையில் விழுந்தது. (ஹோர்ட்டென்சியா சீமாட்டி. அவர் பேசியது சீமாட்டிகளுக்காக. அன்று அவர் வீட்டில் வேலை செய்த அடிமைப் பெண்களுக்கு இதில் ஒன்றுமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.)

வலேரியஸ் இதை எப்படிப் பதிகிறார்? ஹோர்ட்டென்சியா புகழ்பெற்ற பேச்சாளர் குவின்டஸ் ஹோர்ட்டென்சியஸின் மகள். மகளின் சொற்களில் தந்தையே மறுபடி உயிர்த்து வந்தார் என்கிறார். அந்த வீட்டு ஆண் வாரிசுகள் மட்டும் இந்த ஆற்றலைத் தொடர்ந்திருந்தால், குடும்பத்தின் சொல்வன்மை ஒரு பெண்ணின் ஒற்றைப் பேச்சோடு முடிந்து போயிருக்காதே என்று வருத்தப்படவும் செய்கிறார். வரியின் பெரும்பகுதி தள்ளுபடியானதைச் சொல்கிறார். ஆட்சியில் பங்கில்லாதவர் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வியைச் சொல்லவில்லை. வென்ட்ரிலக்விஸ்ட் இங்கே செத்துப்போன தகப்பன், பொம்மை மகள். நூற்றாண்டின் இறுதியில் குவின்டிலியன் என்ற பேராசிரியர், அந்தப் பேச்சு இன்றும் வாசிக்கப்படுகிறது, பெண் என்பதற்காகக் காட்டும் சலுகையால் மட்டுமல்ல என்று குறிப்பிட்டார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் 'மட்டுமல்ல' என்று சொல்லவேண்டி வந்ததே, அந்த இடத்தில் சலுகை எவ்வளவு வழக்கமாக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. அவர் காலத்தில் படிக்கப்பட்ட அந்த மூலப் பேச்சு இன்று இல்லை.

எழுத்தில் தப்பிப் பிழைத்த பேச்சுக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சாட்சி. சோஜர்னர் ட்ரூத். 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசும் ஒரு வீட்டில் அடிமையாகப் பிறந்தவர். முதல் மொழி டச்சு. ஆங்கிலம் பின்னால் கற்றது. 1851 மே மாதம் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். ஜூன் 21 அன்று, 'ஆன்ட்டி ஸ்லேவரி பியூகிள்' இதழில் அதன் ஆசிரியர் மாரியஸ் ராபின்சன் அந்தப் பேச்சைப் பதிப்பித்தார். பேச்சின் விளைவைத் தாளில் கொண்டுவர முடியாது என்று முன்குறிப்பு எழுதினாலும், சாதாரண ஆங்கிலத்தில் கொண்டுவரத்தான் செய்தார். உழுதேன், அறுத்தேன், ஆணுக்குச் சமமாக வேலை செய்தேன், அவன் அளவுக்குச் சாப்பிடவும் செய்வேன். பெண்ணின் அறிவு ஒரு சிறு படிதான் என்கிறீர்களே, அந்தச் சிறு படியையாவது நிரப்பிக்கொள்ள விடுங்களேன் என்ற போக்கில் போகிறது அது. குறும்பும் கணக்கும் கலந்த வாதம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி இன்னொரு வடிவத்தை வெளியிட்டார். அதில் ட்ரூத் தென்மாநிலத் தோட்ட அடிமைகளுடையது என்று வெள்ளையர் கருதிய கொச்சையில் பேசுகிறார். நான் பெண்ணில்லையா என்ற கேள்வி பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. ராபின்சனின் வடிவத்தில் அந்தப் பல்லவி இல்லை. ஐந்து பிள்ளைகளின் தாய்க்கு இதில் பதின்மூன்று பிள்ளைகள். உலகம் மனப்பாடம் செய்தது இந்த வடிவத்தைத்தான். பெல் ஹூக்ஸ் 1981இல் தன் நூலுக்குத் தலைப்பாக எடுத்ததும் இந்தப் பல்லவியைத்தான். நெல் இர்வின் பெயின்ட்டர் 1996இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இந்தத் திருத்தத்தின் கதையை விரிவாகப் பேசுகிறது.

கேஜ் எதிரி அல்ல, தோழமைக்காரர். பெண்ணுரிமைக்கும் அடிமை ஒழிப்புக்கும் உழைத்தவர். அதனால்தான் இந்த உதாரணம் எனக்கு முக்கியமாகிறது. ட்ரூத்தின் பேச்சாற்றலைப் போற்றுவதே அவர் நோக்கம். அந்தப் போற்றுதல் நிகழவேண்டுமானால், கருப்பினப் பெண்ணின் சொல்வன்மை எப்படி இருக்கும் என்று வெள்ளை வாசகர்கள் எதிர்பார்த்தார்களோ அப்படி அது ஒலிக்கவேண்டியிருந்தது. டச்சு வாடை அடிக்கும் நியூயார்க் ஆங்கிலம் அதற்கு உதவாது. படிநிறைய அறிவு கேட்கும் நையாண்டியை விடக் கண்ணீர் வரவழைக்கும் பல்லவி மேல். எழுதப் படிக்கத் தெரியாத ட்ரூத்துக்குத் தன் பேச்சின் படியைத் திருத்தி அனுப்பும் வாய்ப்பும் இல்லை.

அதே காலத்து ஃபிரெடரிக் டக்ளஸுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து மேடையேறிய அவரிடம், நீங்கள் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் வெள்ளைத் தோழர்கள். பேச்சில் கொஞ்சம் தோட்டத்து வாடை இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்கள் அடிமையாக இருந்ததை யாரும் நம்பமாட்டார்கள் என்றும் அறிவுரை சொன்னார்கள். 1855இல் வெளிவந்த தன் வரலாற்றில் டக்ளஸே இதைச் சொல்கிறார். பேசத் தெரியாவிட்டால் கேட்கமாட்டார்கள். நன்றாகப் பேசிவிட்டால் நம்பமாட்டார்கள். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லும் எந்தப் பெண்ணுக்கும் இந்த இடுக்கு தெரியும். திக்கித் திணறினால் குழப்பவாதி, கோவையாகச் சொன்னால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1991 அக்டோபரில் சட்டப் பேராசிரியர் அனிதா ஹில், பதினான்கு ஆண்கள் மட்டுமே கொண்ட அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை நிதானமாக, வரிசையாகச் சொன்னார். சொல்லில் குறை ஒன்றும் இல்லை. 52க்கு 48 என்ற வாக்கில் தாமஸ் நீதிபதியானார்.

இந்தச் சொல்லைத் தமிழாக்க உட்கார்ந்தால் சிக்கல் நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நாவன்மை, சொல்வன்மை, நாநயம் என்று அழகான சொற்கள் கைவசம் உண்டு. குறளில் தனி அதிகாரமே உண்டு. ஆனால் நாவலர், சொல்லின் செல்வர் என்று பட்டங்களை அடுக்கினால் நினைவுக்கு வருவோர் அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு வாயாடி, வாய்க்காரி, வாய்த்துடுக்கு, நாக்கு நீளம். செந்தமிழின் 'நா' அவர்களுக்கு, தெருப்பேச்சின் வாயும் நாக்கும் நமக்கு. ஔவை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார், இளமையை வேண்டாமென்று வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டவர் என்ற கதையோடுதான் இருக்கிறார். அதனால் எலக்வென்ட் என்பதை ஒரு பெண்ணுக்கு நாவன்மை என்று பெயர்த்தால், மூலத்தில் இல்லாத ஒரு வெற்றியை அவருக்குத் தந்துவிட்டதுபோல எனக்குச் சில சமயம் தோன்றும். தரட்டுமே என்றும் தோன்றும்.

இந்தச் சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை நான். பேச்சு ஒரு தொழில்நுட்பம். பெண்கள் அதைக் கற்றுத் தேர்ந்திருக்கிறார்கள். அந்தத் தேர்ச்சியைப் பேசாமல் விடுவதும் அநீதிதான். ஹோர்ட்டென்சியா 'எங்கள் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள்' என்று தொடங்குகிறாரே, எதிராளி மறுக்க முடியாத இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு பேச்சை எடுக்கும் சாமர்த்தியம் அது. அதை அப்படி விரித்து எழுதுங்கள். என்ன கேட்டார், எந்த வழியில் கேட்டார், யார் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்களா என்று எழுதினால், எலக்வென்ட் என்ற சொல் கட்டுரையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நட்டமில்லை. அதை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகும்போதுதான் வலேரியஸ் நம் பேனாவுக்குள் வந்து உட்கார்கிறார்.

மேசியாவைச் சொல்லாமல் விட்டேன். அவர் சென்டினம் என்ற ஊர்க்காரர். குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நின்றபோது, பெருங்கூட்டத்தின் முன்னால் தனக்காகத் தானே வாதாடினார். வாதத்தின் எல்லாப் பகுதிகளையும் முறையாகவும் துணிவாகவும் எடுத்துவைத்தார் என்று ஏடு பாராட்டுகிறது. முதல் விசாரணையிலேயே, ஏறக்குறைய எல்லா வாக்குகளாலும் விடுதலையானார். பெண்ணுருவில் ஆணின் நெஞ்சம் கொண்டவள் என்று அவருக்கு 'ஆண்ட்ரோகைன்' எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். ஆண்பெண் என்று பொருள். பட்டப்பெயர் இருக்கிறது, நீதிபதியின் பெயர்கூட இருக்கிறது. அவர் மீது என்ன குற்றம் சாட்டினார்கள், அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.